ஐந்தாவது கதவின் கைப்பிடி

அந்த பஸ் கண்டக்டரம்மா ஐந்தாவது வாடகை வீட்டுக்கு மாறியபோதும், அடுப்பை இறக்கும் முன் ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுத்தாள். கணவன் அடுப்பைத் தானே இறக்கப் போனான். நாலு வீட்டில் பட்ட அனுபவம்.

வாசல் கதவின் தகரக் கைப்பிடியைக் கழற்றிப் பத்திரமாகப் பரணில் வைத்தாள். காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடுவாள். அந்த இடத்தில், வழவழவென்று இழைத்த தன்னுடைய மரக் கைப்பிடியை வைத்தாள். துளைகள் ஒத்துவராமல் அடம்பிடித்தன, அவளும் விடுவதாயில்லை.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அடுத்தவன் வீட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு மெனக்கெடுறீங்க?"

கடைசி ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டுத்தான் திரும்பினாள்.

"வீடு உங்களுதுதான் சார். நாள் பூரா பஸ்ல பிசுக்குக் கம்பியப் பிடிச்சுட்டு வந்து இதத் தொடப்போற கை என்னுதாச்சே!"