அச்சடித்த எலும்பு

என் அண்ணன் பீம்ராவைப் போல வீம்பு பிடித்த மனுஷனை வியாசர்பாடி முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓர் இரும்பு யார்டில் அவனுக்கு வேலை. கப்பலில் வரும் தகட்டுச் சுருள்களைச் சங்கிலி போட்டு இறக்குகிற கேங்கில் கொக்கி மாட்டுகிறவன். இரண்டாயிரத்து நாலில் ஒரு சுருள் நழுவி அவன் வலது காலில் உருண்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு எலும்பே இல்லாமல் தூளாகிவிட்டது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் காலை எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். வேறொரு ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான், அப்போதுதான் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த புது வைத்தியம் ஒன்று சொன்னார். எலும்பில் இருக்கிற அதே சுண்ணாம்புச் சத்தை எடுத்து, மெஷினில் படலம் படலமாக அச்சடித்த துண்டு. ரொட்டித் துண்டு மாதிரி உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதை இடைவெளியில் வைத்து, இரண்டு பக்கமும் தகடு போட்டு முடுக்கினார்கள்.

“கட்டடத்துக்குச் சாரம் கட்டற மாதிரி இது. இந்த ஓட்டைகள்ல உங்க சொந்த எலும்பு வளரும். வளர வளர இது தானா கரைஞ்சு போயிடும். நான் சொல்ற வரைக்கும் அந்தக் காலைத் தரையில ஊனவே கூடாது” என்றார் டாக்டரம்மா.

எங்கள் ஹவுசிங் போர்டு சும்மா இருக்குமா? “இன்னாமே சங்கமித்ரா, உங்கண்ணன் கால்ல கல்யாணப் பத்திரிகை அடிச்சு வெச்சிகீறாங்களாமே?” என்று என்னைக் குழாயடியில் கேட்பார்கள். நானும் விடமாட்டேன். “ஆமா, மொய் எடுத்துகினு வாங்க” என்பேன். அண்ணன் சிரிக்கமாட்டான். கட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நடந்தான். ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் டாக்டரம்மா முகம் மலர்ந்தது. எனக்கு அந்தப் படத்தில் வெள்ளைப் புகைதான் தெரிந்தது. இருந்தாலும் அவர் சிரித்தால் நானும் சிரித்தேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அந்த கேங்கில் ஒரு வழக்கம். பூஜையன்று ஒவ்வொருத்தனும் மேஸ்திரி முன்னால் நடந்து போய்க் கொக்கியைத் தொட்டு, அவர் கையால் பொரி வாங்க வேண்டும். பொரி வாங்காதவனுக்கு மறுநாளிலிருந்து கேங்கில் இடமில்லை. இதில் சாமிக்கு ஒரு வேலையும் கிடையாது. மேஸ்திரி வேதமாணிக்கம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அண்ணனோ புத்தரைக் கும்பிடுகிறவன். அவனுக்குப் பதிலாக வேலை பார்த்த தோஸ்து காஜா மொய்தீன் தொழுகைக்காரன். ஆனாலும் அந்த ஒரு பிடிப் பொரிக்கு எல்லோரும் உயிரை விடுவார்கள்.

“அண்ணாத்த, வாணாம். டாக்டரம்மா இன்னும் சொல்லலியே” என்று கெஞ்சினேன்.

“கட்டையோடதான்மே போவப்போறேன். எடத்த வுட்டுட்டு ஊட்ல குந்திகினு இன்னா பண்றது?”

மனசு கேட்காமல் நானும் கூடவே போனேன். கொக்கிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். வேதமாணிக்கம் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

“கொக்கி தொடறவன் ரெண்டு கால்ல வரணும் நைனா. மூணு கால் நாலு கால்ல வர்றதுக்கு இது இன்னா மாட்டுக் கொட்டாயா?”

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் விளையாட்டாக ஒரு கட்டையைப் பிடுங்கிக்கொண்டான். காஜா மட்டும், “மாமு, வாணாம் மாமு, வூட்டுக்குப் போ” என்று கையைப் பிடித்தான். தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் சொல்கிறான் என்று நினைத்த அண்ணன் அவனைத் தள்ளிவிட்டு, இன்னொரு கட்டையையும் வீசினான். நடந்தான். கொக்கியைத் தொட்டான். பொரி வாங்கினான். திரும்பி ஓரடி வைத்தபோது காலுக்குள்ளே சடக்கென்று சத்தம் கேட்டது. தகடு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பாவி மனுஷன், அப்போதும் பொரியைக் கீழே விடவில்லை.

காயத்தில் சீழ் வைத்து, காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். டாக்டரம்மா கடைசி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். “நாங்க வெச்சது பாதிக்கு மேல கரைஞ்சுடுச்சும்மா. இதெல்லாம் அவரோட சொந்த எலும்பு. தைப்பொங்கலுக்கு நடக்க விட்டிருப்பேன்.” அவர் கண் கலங்கியிருந்தது.

ஒரு வாரம் கழித்து காஜா ஆஸ்பத்திரிக்கு வந்தான். யார்டில் பெரிய கிரேன் வந்து இறங்கிவிட்டதாம். இனி ஆள் வேண்டாம் என்று கேங்கையே கலைத்துவிட்டார்களாம்.

“கிரேன் வர்றது மேஸ்திரிக்கு ஆடி மாசமே தெரியும் மாமு. பூஜை அன்னிக்குக் காத்தாலதான் என் காதுக்கு வந்துச்சு. அத்தினி பேர் எதிர்ல எப்டி சொல்றது? அதான் வூட்டுக்குப் போன்னேன்.”

அண்ணன் போர்வையை விலக்கி, கால் இருந்த இடத்தைத் தடவினான்.

“அப்போ நா இன்னாத்துக்குடா நடந்தேன்?”