மேசை மேல் இருந்த பாத்திரங்கள்

எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். கணவரின் வேலைக்காக ஜெர்மனியில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறோம். போன தீபாவளியன்று பிள்ளைகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டுவிட்டுப் படம் எடுத்து, முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். பிள்ளை இல்லாத அவருக்கு என் பிள்ளைகள்தான் பேரப்பிள்ளைகள். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது; பதில் வரவில்லை.

பிறகு அம்மாவை வீடியோவில் அழைத்தேன். மகள், "அம்மாச்சி, முறுக்கக் காட்டுங்க" என்று அடம்பிடித்தாள். அம்மா தயங்கித் தயங்கிப் போனை மேசைப் பக்கம் திருப்பினார். அதிரசம், முறுக்கு எல்லாம் இருந்தன. ஆனால் பாத்திரம் ஒன்றுகூட எங்கள் வீட்டுடையது இல்லை. எதிர்வீட்டுத் தூக்குவாளி, மாமா வீட்டு எவர்சில்வர் டப்பா... துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள்; மற்றவர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

"யாரும்மா?" என்றேன்.

அம்மா உடைந்துவிட்டார். "சித்தப்பா போயிட்டாகட்டி. ஒரு வாரமாச்சு. பச்சப்புள்ளைகள வச்சுக்கிட்டு, நல்ல நாளும் அதுவுமா நீ அங்க தனியாக் கெடந்து அழுவியேன்னுதான் சொல்லல."

"அப்ப போட்டோவப் பாத்தது?"

"சித்திதான். நீ அனுப்புனதுல இருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்காளாம்."

பிள்ளைகள் கம்பி மத்தாப்பு கேட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்கள். அழுதுகொண்டே கொளுத்திக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் நல்ல நாளன்று ஊருக்குப் பேசினால் பலகாரத்தைக் காட்டச் சொல்வதில்லை. அங்கே வீட்டில் ஒவ்வொருவர் முகத்தையும் வீடியோவில் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை போட்டுவிடுகிறேன். படம் மட்டும் இன்னமும் சித்தப்பாவின் எண்ணுக்கே போகிறது.