முட்டையா, லீவா?

சனிக்கிழமை காலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அரையாண்டு மதிப்பெண்ணுக்காகக் காத்திருந்தோம். மதிப்பெண் வரவில்லை. சபீனா அக்கா மாரடைப்பில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது.

உக்கடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுக்கரைக்கு வந்து, நம் பள்ளி அலுவலகத்தில் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றியவர் அவர். நம் எல்லோருடைய மதிப்பெண்ணும் அவர் விரல் வழியாகத்தான் போனது.

காலாண்டுத் தேர்வின்போது எனக்கு அம்மை போட்டிருந்தது. கணக்கும் அறிவியலும் எழுதவில்லை. கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கம் போகாது. அதனால் அக்கா சைபர் போட்டிருக்கிறார். சராசரியை வைத்து வகுப்பு பிரித்தபோது நான் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில், டி பிரிவில் இருந்தேன். அங்கே தேர்ச்சிக்கு வேண்டிய பாடம் மட்டும்தான் நடத்துவார்கள். பிளஸ் ஒன்னில் உயிரியல் படிக்க நினைத்திருந்த எனக்கு அழுகை வந்தது. “ஏ புத்தகப்புழு, நீயுமா!” என்று சிரித்தார்கள்.

மூன்றாம் வாரம் அக்காவே தவறைக் கண்டுபிடித்தார். யாரும் கேட்கவில்லை. டி பிரிவு வாசலில் வந்து நின்று, எல்லோர் முன்னாலும் சொன்னார்: “அம்மணி, தப்பு என்னுதுங்க. நீ வராததைச் சைபர்னு அடிச்சுப்போட்டேன். மன்னிச்சுக்கோ கண்ணு.”

நான் பையை எடுத்துக்கொண்டு பழைய வகுப்புக்குப் போனேன்.

அதன்பிறகு சைபர் வாங்கிய ஒவ்வொருவரையும் அவர் தேடிப் போனார். “ஏங் கண்ணு, முட்டையா, லீவா?” என்பார்.

“ஆம்லெட்டுங்க அக்கா!” என்றான் ஒருவன்.

“உப்புப் போட்டுத் தின்னு. எந்தப் பாடம் புரியலீனு நாளைக்கு வந்து சொல்லோணும்.”

மறுநாள் அவன் வந்து சொன்னதை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தார். மதிப்பெண் பட்டியலைக் கேட்டு அவசரப்படுத்திய தலைமை ஆசிரியரிடம், “இன்னும் நாலு பேரைக் கேக்கோணுங்க சார். நம்பரு தப்பாப் போனா புள்ளைகளுக்கு ஒரு வருசமே போயிருமுங்க” என்றார். அலுவலகத்துக்கு நோட்டுக் கொண்டுபோன நான் இதைக் கேட்டேன். அப்போதாவது அக்காவிடம் பேசியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அரையாண்டு முடியட்டும் என்று நினைத்தேன்.

என் உயிரியல் கனவு இன்னும் பத்திரமாக இருக்கிறது. அதோடு அக்கா கேட்ட மன்னிப்பும் என்னிடமே இருக்கிறது. “பரவாயில்லைங்க அக்கா” என்று நான் சொல்லவே இல்லை.