மரியம் பீ தர்காவில் நான் போட்ட முடிச்சு

ஆரணியில் எங்கள் தெருவைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போகும் வழியில் பழைய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு சமாதி. கோட்டையில் படைகள் இருந்த காலத்தில், அடிபட்டு வந்தவர்களுக்கு எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்காமல் கட்டுப் போட்ட ஒரு பெண் அங்கே அடங்கியிருக்கிறாள் என்பார்கள். முஸ்லிம்களுக்கு அவள் மரியம் பீ. கிறிஸ்தவர்களுக்கு மரியம்மாள். வியாழக்கிழமை சாம்பிராணி புகையும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மெழுகுவத்தி எரியும். எங்களைப் போன்ற தறிக்காரர்கள் தோன்றிய கிழமையில் போவோம். எங்களை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அங்கே வேண்டுதல் என்றால் ஜன்னல் கம்பியில் நூல் கட்டுவது. தளர்வாக ஒரு சுற்று, அவ்வளவுதான். இறுக்கினால் காரியமும் இறுகிவிடும். என்ன வேண்டினோம் என்று வெளியே சொல்லக்கூடாது. நடந்துவிட்டால், கட்டியவரே வந்து அவிழ்க்க வேண்டும்.

நான் ஐந்தாவது முழுப்பரீட்சை எழுதி முடித்த கோடை அது. பட்டுப்புடவைக்கு இரண்டு பக்கமும் தனிக்கரை வைத்து நெய்ய, தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்துப் படியே ஏறாத அக்காதான் அந்த ஆள். அக்காவைக் களம்பூரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்கு ரைஸ் மில்லில் வேலை. அன்று சாயங்காலமே அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“அஞ்சாவது முடிச்சிட்ட இல்ல? நம்ம பரம்பரையிலயே அவ்ளோ படிச்சவங்க கிடையாது. போதும். அக்கா போயிட்டா நீ உக்காரு.”

பாராட்டா, தண்டனையா என்று எனக்குப் புரியவில்லை. அந்த வியாழக்கிழமை அக்காவோடு தர்காவுக்குப் போனேன். அக்கா தன் நூலைக் கம்பியில் சுற்றிவிட்டு, கண்ணை மூடித் தனக்குள் சிரித்துக்கொண்டாள். நானும் கட்டினேன். ஆனால் அறுந்த பட்டு இழைகளை முடிந்து பழகிய கை என்னுடையது. தொங்கும் நூலைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. தறியில் போடும் முடிச்சையே போட்டு, இழுத்தும் பார்த்துவிட்டேன்.

தர்காவைப் பார்த்துக்கொண்ட முஸ்லிம் பாட்டியை எல்லாரும் பூபு என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

“அரே, இன்னா முடிச்சு போட்டுகினு கீற நீ? இது எந்த ஜென்மத்துல அவுறும்?”

வாசலில் மெழுகுவத்தி விற்ற கிறிஸ்தவ அம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “தறிக்காரங்க பொண்ணு பூபு, அதுக்கு வேற முடிச்சு தெரியாது. மரியம்மா பாத்துக்குவாங்க, உடுங்க.”

“ஆமா, உங்க மரியம்மாவுக்கு வேற வேல இல்ல, முடிச்சு அவுத்துகினு உக்காந்திருப்பாங்க.”

“அப்போ உங்க மரியம் பீய அவுக்கச் சொல்லுங்க!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாமே இறுகத் தொடங்கியது. களம்பூர்க்காரர்கள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்தார்கள். அப்பா என்னைத் தறியில் உட்காரவைத்துப் பழக்கினார். ஒரு மத்தியானம் அப்பா பட்டு வாங்கி வரப் போயிருந்தபோது, தறியில் இருந்த அக்கா கேட்டாள்.

“இன்னாடி, மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீற?”

“நான் தறி முடிச்சு போட்டுட்டேன்க்கா. அது அவுறவே அவுறாது. நான் ஆறாவது போகவே முடியாது.”

அக்கா சிரித்தாள். சிரித்த வேகத்தில் நாடா கைதவறிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள், நிமிர்ந்தபோது சிரிக்கவில்லை.

“அதுவா வேண்டிக்கின?”

அப்போதுதான் வாயைப் பொத்திக்கொண்டேன். “போச்சு, சொல்லிட்டேன்.”

“என்கிட்ட சொன்னா கணக்கு இல்ல, போடி.”

சில நாள் கழித்து, அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா சொன்னாள். “எனக்கு அந்த மாப்பிள்ளை வேணாம்பா.”

அப்பா கத்தினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு காரணம் கேட்டாள். மூக்கு சரியில்லை என்றாள் அக்கா. பெண் பார்க்க வந்த அன்று அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது, அவள் இடுப்புக்குக் கீழே புகுந்து நானும் பார்த்திருந்தேன். மூக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி நான் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? அடுத்து வந்த வரன்களுக்கும் அக்கா ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தாள். தறியில் அவள் இடம் அவளுக்கே இருந்தது. நான் ஆறாவது போனேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும்.

அந்தக் கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பு அக்கா என்னைத் தர்காவுக்குக் கூட்டிப்போனாள். என் முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. அவள் ஜன்னலில் முகத்தைச் சாய்த்துப் பல்லால் கடித்து இளக்கினாள். “மரியம் பீ குடுத்துட்டாங்க பாத்தியா!” என்றார் பூபு. “மரியம்மா குடுத்தாங்க” என்று வாசலிலிருந்து பதில் வந்தது. அதன்பின் அக்கா தன் நூலை இழுத்தாள். ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது.

“உன்துவும் நடந்துடுச்சாக்கா?”

“ம்” என்றாள்.

ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் பலித்துவிட்டதே என்று வீடு வரை குதித்துக்கொண்டே வந்தேன். வேண்டியது நடந்தால்தான் நூலை அவிழ்ப்பார்கள் என்று அப்போது நினைத்திருந்தேன்.