இறந்தவை: இருபத்துமூன்று

பட்டிப்பொலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலிருக்கும் புல்வெளி மாசியில் இரண்டு நாள் எரிந்தது. மூன்றாம் நாள் காலை கொப்பியும் பென்சிலுமாக ஏறினேன். பள்ளிக்கூடத்தில் வரவு பதிந்தே ஓய்வுபெற்றவன் நான். தேதியிட்டு எழுதாத எதுவும் எனக்கு நடந்ததாகவே தோன்றாது. ஓரத்தில் நின்ற, சிவப்பாய்ப் பூக்கும் மகாரத்மல் மரங்கள் அடி முதல் நுனி வரை கரியாயிருந்தன. "இறந்தவை: இருபத்துமூன்று" என்று எழுதினேன்.

வடக்கே குளிர்நாட்டுக் காடுகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அங்கே சில பைன் மரங்களின் காய்கள் பிசினால் மூடிக் கிடக்குமாம். தீயின் சூட்டில்தான் திறந்து விதை உதிர்க்குமாம். நம் மலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன்.

அந்தக் கணக்கை நம்பித்தான் தோட்டத் தலைவர், மரங்களை விறகுக்காக வேரோடு தோண்ட, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி வாங்கினார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். முந்தின நாள், மரங்களில் சுண்ணாம்பு அடையாளமிடப் பக்கத்து வீட்டுக்காரரோடு போனேன். தேயிலைச் செடிகளைக் கட்டையாக வெட்டித் துளிர்க்க விடும் கவ்வாத்துதான் அவர் வேலை.

அவர் முதல் மரத்தைக் கத்தியால் சுரண்டினார்.

"சேர், இதையா செத்துருச்சுன்னு எழுதுனீங்க?"

"இலை ஒண்ணாவது இருக்கா பாருங்க."

"கவ்வாத்து முடிஞ்ச மலையில மட்டும் இலை இருக்குமா? நல்ல வேளை, எங்க மலைக்குக் கணக்கெழுத நீங்க வரல. மொத்தத் தோட்டத்தையும் பொதைச்சிருப்பீங்க!"

கரிக்கு உள்ளே தடித்த பட்டை. அதற்கும் உள்ளே ஈரப் பச்சை. அடியிலிருந்த சாம்பலை விலக்கினார். வெள்ளிப் பஞ்சு போர்த்திய துளிர்கள் கொத்தாக நின்றன. மரம் மரமாக முழங்காலிட்டுப் பார்த்தேன். பதினேழு உயிரோடிருந்தன. நான் 'இறந்தவை' என்று எழுதிய நாளிலும் அவை மண்ணுக்குள் வேலையாகத்தான் இருந்திருக்கின்றன.

அன்று மாலையே தலைவர் வீட்டுக்குப் போய், என் கணக்கு தவறு என்றேன்.

"சேரே தப்பா எழுதுனா நாங்க யார நம்புறது?"

"என்னை நம்ப வேணாம். மம்பட்டிய வச்சிட்டு மேல வந்து பாருங்க."

மறுநாள் லயமே வந்து சூழ்ந்து நின்றது. கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவின் விரல்கள், பழக்கத்தில், துளிரை நோக்கி நீண்டன, தொடாமல் பின்வாங்கின. தலைவர் குனிந்து, விலகியிருந்த சாம்பலை மறுபடி வேரடியில் அணைத்துவிட்டார்.