ஒரே காலையில் இரண்டு ஊசி

பதினான்கு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போடுகிறவர் அந்த மெக்கானிக். கீழே பார்த்தால் தலை சுற்றும் என்பார்கள் மற்றவர்கள். அவர் கீழே பார்த்துக்கொண்டே பிஸ்கட் தின்பார். இருபத்திரண்டு வருடப் பிழைப்பு அது. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, விரல் நீளம்கூட இல்லாத ஓர் ஊசியை ஒரு பூனையின் பிடரித் தோலில் குத்துவதற்குள் குலை நடுங்கிப் போகும்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இருட்டுக் குழிக்குள் வேலை செய்வார், இன்னொருவர் மேலே சுவிட்ச் பக்கத்தில் நிற்பார். கூண்டை அசைப்பதற்கு முன்னால் மேலே இருப்பவர் "நகர்த்தலாமா?" என்று கத்துவார். குழிக்குள்ளிருந்து "நகர்த்து" என்று பதில் வரும். வந்ததும் நகர்த்திவிடக் கூடாது. மறுபடி கத்த வேண்டும், மறுபடி பதில் வர வேண்டும். முதல் பதில் காதின் பிரமையாக இருந்துவிடலாம். சுவிட்சில் 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று பலகை மாட்டுவதும் உண்டுதான். மெக்கானிக் அதைச் சல்லிக்காசுக்கு மதிக்க மாட்டார். "பலகைக்கு வாய் இருக்கா? எவனாவது மாட்டிட்டு மறந்திருப்பான், இல்ல கழட்டிட்டு மறந்திருப்பான். ஆளைக் கேளு," என்பார். அதனால்தான் அவர் கையில் இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். மூன்றாவதாகப் பொட்டலம். பொட்டலம் என்பது பூனை. வந்த புதிதில் சணலால் கட்டின பார்சல் மாதிரி உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர். அக்கா கடைத்தெருவில் துணி ஆல்டர் பண்ணிக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருந்தாள். பேன்ட் நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், இடுப்பு பெருத்தவர்களின் மனம் நோகாமல் தையலைப் பிரித்து விடுவாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதும் இல்லை, எட்டு மாதம் முன்பு அந்த ஒரு நாளைத் தவிர.

அப்போது பொட்டலம் தண்ணீராய்க் குடித்துத் தள்ளியது, மணிக்கொரு தரம் மூத்திரம் போனது, தின்றும் இளைத்தது. கால்நடை டாக்டரம்மா காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்றார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின், ஒவ்வொரு முறையும் இரண்டு யூனிட். பிஸ்கட், பால், ரொட்டி, காய்ந்த தீனி எதுவும் கூடாது. டப்பாவில் வரும் இறைச்சித் தீனி மட்டும். முதலில் தின்ன வேண்டும், பிறகுதான் ஊசி. தின்னவில்லை என்றால் எங்களைக் கூப்பிடாமல் ஊசி போடாதீர்கள் என்றார். மருந்து குறைந்தால் ஒரு நாள் தாங்கும், கூடிவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம் என்றும் சொன்னார்.

வீடு வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "நீதான்டா அதைக் கெடுத்தே. நீ ஒண்ணு தின்னா அதுக்கு ரெண்டு பிஸ்கட். வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் மெக்கானிக்குக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆமா, உனக்கென்ன? கட்டிக்க எவனும் வரல. பூனையைத் தலையில தூக்கி வச்சுட்டு ஆடு!"

அவரைக் கட்டிக்கொள்ளவும்தான் யாரும் வரவில்லை. அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அக்கா எழுந்து போனாள். அன்றோடு பேச்சு நின்றது. சாப்பாடு மூடி வைக்கப்பட்டிருக்கும், சட்டை மடித்து வைக்கப்பட்டிருக்கும், பேச்சு மட்டும் கிடையாது. மன்னிப்புக் கேட்க அவர் பலமுறை வாயைத் திறந்து, கொட்டாவி விடுகிறவர் மாதிரி மூடிக்கொண்டார்.

ஆனால் ஊசி நிற்க முடியாதே. அதற்கு ஒரு துணி கிளிப் கண்டுபிடிக்கப்பட்டது. ஃப்ரிட்ஜுக்கு மேலே இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு கயிறு, அதில் ஒரு பச்சை கிளிப். கிளிப் இடது ஓரம் இருந்தால் காலை ஊசி இன்னும் போடவில்லை. போட்டவர் அதை வலது ஓரத்துக்கு மாற்றுவார். சாயங்காலம் ஊசி போட்டவர் மறுபடி இடது பக்கம் கொண்டுவருவார். எட்டு மாதம் அக்கா தம்பிக்குள் நடந்த பேச்சுவார்த்தை அந்தக் கிளிப் மட்டும்தான். வேலையில் பலகையை நம்பாத மனிதர், வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை முழுசாக நம்பினார்.

அன்று அவருக்கு விடுமுறை; அது வாராவாரம் நாள் மாறும். ஏழே முக்காலுக்கு எழுந்தார். அக்கா கடைக்குப் போய்விட்டிருந்தாள். கிளிப் இடது ஓரத்தில் இருந்தது. அவசரத்தில் போடாமல் போயிருக்கிறாள் போல என்று கிண்ணத்தில் தீனி வைத்தார். பொட்டலம் இரண்டு வாய் நக்கிவிட்டு அவரைப் பார்த்தது. தின்றதுதானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோலைத் தூக்கி, இரண்டு யூனிட் போட்டார். கிளிப்பை வலது பக்கம் நகர்த்தினார். நல்ல பிள்ளை.

பத்து மணிக்கு ஹாலில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. பொட்டலம் நாற்காலியில் ஏறப் பார்த்துக் கீழே விழுந்திருந்தது. எழுந்தது, பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் சறுக்கின. மறுபடி எழுந்தது, சுவரில் முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. கண் திறந்திருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

மெக்கானிக் சமையலறைக்கு ஓடினார். ஊசிப் பாக்கெட்டை முந்தின நாள் சாயங்காலம் அவர்தான் பிரித்திருந்தார். பத்து ஊசி. நேற்று ஒன்று, இன்று ஒன்று. எட்டு இருக்க வேண்டும். எண்ணினார், ஏழு. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பி எண்ணினார். ஏழுதான்.

அப்போதுதான் நினைவு வந்தது. நேற்றுச் சாயங்காலம் ஊசி போட்டபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் கிளிப்பை நகர்த்தவே இல்லை. அது வலது ஓரத்திலேயே இருந்திருக்கிறது. அவர் ஊசி போட்டதை அக்கா நேற்றுக் கண்ணால் பார்த்தவள். அதனால் காலையில் தன் ஊசியைப் போட்டிருக்கிறாள், எட்டு மாதப் பழக்கத்தில் கை பாட்டுக்குக் கிளிப்பை எதிர்ப் பக்கம் தள்ளியிருக்கிறது. வலதிலிருந்து இடதுக்கு.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "தேன் இருக்கா? ஈறுல தடவுங்க, வாயில ஊத்தாதீங்க, புரை ஏறிடும். உடனே தூக்கிட்டு வாங்க. ரெண்டு தடவை போட்டது நிச்சயமா? உங்க அக்காகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல..."

"வீட்டுல ரெண்டே பேரு, கேக்கலையா? கேட்டுட்டு வாங்க. எத்தனை யூனிட் உள்ள போயிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

விரலில் தேனைத் தொட்டு ஈறில் தேய்த்தார். பல் கிட்டித்திருந்தது. அக்காவின் எண்ணை அழுத்தினார். எட்டு மாதத்தில் முதல் தடவை. மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. கருவிப் பையைத் தரையில் கொட்டினார், ஸ்பேனரும் போல்ட்டும் நாலாபக்கமும் உருண்டன. பையில் துண்டை விரித்துப் பொட்டலத்தை வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். செருப்பு போட்டுக்கொள்ளவில்லை என்பதே பாதித் தெருவில்தான் தெரிந்தது. பைக்குள் உடம்பு வெடுக் வெடுக்கென்று இழுத்தது. செத்துப் போயிடாதே, செத்துப் போயிடாதே என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

கடைத்தெரு வழியில்தான் இருந்தது. அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஆனால் தைக்கவில்லை. இரண்டு கையும் மடியில் கிடக்க, மேசைமேல் இருந்த போனையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காலையில ஊசி போட்டியா?"

நிமிர்ந்தாள். அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். முகம், கை, வெறுங்கால். பிறகுதான் பையைப் பார்த்தாள்.

"போட்டேனே. ஏழு மணிக்கு."

"நானும் போட்டுட்டேன்க்கா."

அவள் கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே இறங்கி வந்தாள். கடையைப் பூட்டவில்லை. பூட்டணும் என்று அவரும் சொல்லவில்லை.

டாக்டரம்மா ரத்தம் சோதித்துப் பார்த்து உதட்டைக் கடித்தார். முன்னங்காலில் முடியை மழித்து ஊசி இறக்கி, குளுக்கோஸ் ஏற்றி, பொட்டலத்தை உள்ளே எடுத்துப் போனார். கதவு மூடியது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டால்கூட அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போன் அடிச்சேனே," என்றார் கடைசியில். "என் மேல கோவம்னா, அது மேலயுமா?"

அக்கா டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"உன் பேரு வந்துச்சு. நீ எனக்குப் போன் பண்ணமாட்டே. அப்ப உன் போன்ல இருந்து வேற யாரோ பண்றாங்கன்னு நினைச்சேன். நீ எந்தக் கட்டடத்துலயோ விழுந்துட்டேன்னு சொல்லப் போறாங்கன்னு நினைச்சேன்." டேப்பை மடியில் போட்டாள். "உனக்கு இன்னிக்கு லீவுன்னுகூட எனக்குத் தெரியாதேடா. எடுத்தா அது உண்மையாயிடும்னு எடுக்கல."

மெக்கானிக் நடு நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் சொன்னது..."

"வாயை மூடு. பூனை முதல்ல பிழைக்கட்டும்."

பூனை பிழைத்தது. மத்தியானம் தாண்டி டாக்டரம்மா வெளியே வந்து, தலை தூக்கிவிட்டது, உதவியாளரைக் கடிக்கவும் பார்த்தது என்றார். ராத்திரி அங்கேயே இருக்கட்டும், நாளை சாயங்காலம் கூட்டிப் போங்கள், அது வரைக்கும் ஊசி கிடையாது என்றார். ஆபத்து போய்விட்டது என்று மட்டும் கடைசி வரை அவர் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணி. பொட்டலம் மழித்த காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து வந்து, கிண்ணத்தைச் சுத்தமாக நக்கியது. மெக்கானிக் ஊசியில் மருந்தை ஏற்றினார். டாக்டரம்மா இரண்டை ஒன்றாகக் குறைத்திருந்தார். கயிற்றில் கிளிப் இல்லை, காலையிலேயே அவர் அதைக் குப்பையில் எறிந்திருந்தார். தோலைத் தூக்கினார். குத்தாமல் நிறுத்தினார். வீட்டில் அவர் மட்டும்தான் ஊசியைத் தொட்டார் என்று தெரியும். தெரிந்தும் குத்தவில்லை.

"ஊசி போடலாமா?" என்று குரல் கொடுத்தார்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். பதில் இல்லை.

"அக்கா! போடலாமா?"

தண்ணீர் நின்றது. "நான் போடலடா. நீ போடு."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"போடலேன்னுதானே சொல்றேன்! காது செவிடா?"

அவர் ஊசியைக் குத்தினார்.