அறுபதடி

தண்ணீர்த் தொட்டிகளுக்கு வெள்ளையடிப்பது அப்பாவின் வேலை. முக்கூடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், அறுபதடி உயரத் தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்தபோது இடுப்புக் கயிறு அறுந்து விழுந்துவிட்டார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. அக்கா பிளஸ் டூ.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். “கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள முடிஞ்சிருக்கும். அவுகளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.” அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பதினாறு கழிந்து அக்கா பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். சாயங்காலம் வந்ததும் கணக்கு நோட்டோடு உட்கார்ந்துவிடுவாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். விழுகிற பொருளுக்கு ஒவ்வொரு கணமும் வேகம் கூடிக்கொண்டே போகும். அதனால் வேகத்தையும் நேரத்தையும் சும்மா பெருக்கினால் தூரம் வராது. நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு பொடியிலும் எவ்வளவு இறங்கியது என்று கூட்ட வேண்டும், அதற்குத் தொகையிடல் என்று பெயர் என்றாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் விடையை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டேன். ஏறக்குறைய இரண்டு வினாடி. தரையைத் தொடும்போது மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர். நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச் சாலையில் பஸ் போகிற வேகம். இவ்வளவையும் ஒரு பேனாவால் கண்டுபிடிக்க முடிகிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே அக்காவைக் கேட்டாள்.

“ஏட்டி, நீ கணக்குப் படிக்கியே. அங்கேருந்து கீழ வர அப்பாவுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? நம்மள நெனச்சிருப்பாவளா?”

அக்கா நிமிரவில்லை. “அரை வினாடிம்மா. அவ்வளவுதான். எதையும் நெனைக்க முடியாது.”

அம்மாவின் தோள் லேசாக இறங்கியது. பல நாளுக்குப் பிறகு அவள் முழுசாக மூச்சு விட்டதுபோல் இருந்தது.

“இல்லம்மா, அவ தப்பாச் சொல்லுதா,” என்றேன் நான். “ரெண்டு வினாடி. நோட்டுலயே போட்டிருக்கா.”

வகுப்பில் கை தூக்கிப் பதில் சொல்லிவிட்டு டீச்சரைப் பார்ப்பேனே, அப்படி இருவரையும் மாறிமாறிப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஒண்ணு,” என்றாள் பைய. கொஞ்சம் பொறுத்து, “ரெண்டு.”

பிறகு, “நெறைய நேரம்லா இருக்கு,” என்றாள். அரிசியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அக்கா நோட்டை மூடாமல் எழுந்து அவள் பின்னாலேயே போனாள்.

என்மேல் என்ன குற்றம் என்று தெரியாமல் நோட்டை இழுத்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாக அதே கணக்கு. அறுபதடிக்குப் பிறகு ஐம்பது, நாற்பது, இருபது, பத்து என்று உயரத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் உயரம் நாலடி. விடை, அரை வினாடி. அதைச் சுற்றித் தாள் கிழியும் அளவுக்கு வட்டம்.

நாலடியில் எந்த ஊரிலாவது தொட்டி கட்டுவார்களா? பிளஸ் டூ படிக்கிறவளுக்குக் கேள்வியைக்கூடச் சரியாக எழுதத் தெரியவில்லையே என்று நினைத்து, அந்த நாலை அடித்துவிட்டு, பென்சிலால் அறுபது என்று திருத்தி வைத்தேன்.